"அஞ்சு நிமிஷம் சார்": ஓசூர் லாட்ஜில் வெந்நீர் வரும் காலம் குறித்து ஓர் ஆய்வு

விருந்தோம்பல் பற்றி எழுதப் புகும் தமிழ்க் கட்டுரை எதுவானாலும் திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அதிகார எண்ணைச் சொல்லியாயிற்று. இனி ஆய்வுக்குள் போகலாம்.

ஆய்வுப் பொருள் மிகச் சிறியது. ஓசூரில் ஒரு நடுத்தர லாட்ஜில் ரூம் போட்டவர் இன்டர்காமில் கீழே கூப்பிட்டுத் துண்டு, குடிதண்ணீர், கொசுவர்த்தி, வெந்நீர் என்று எதைக் கேட்டாலும் ஒரே விடைதான் வருகிறது: "அஞ்சு நிமிஷம் சார்." இந்த அஞ்சு நிமிஷம் எவ்வளவு நேரம் என்பதே நம் கேள்வி. ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகிறது. ஆனாலும் அங்கே இதில் யாரும் முனைவர் பட்டம் வாங்கியதாக நம் காதுக்கு எட்டவில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு ஓர் இரவு அந்த ஊரில் தங்க நேர்ந்த நம் தலையில் விழுந்தது.

லாட்ஜின் பெயர் இங்கே வராது. அதன் பெயரைச் சொன்னால் மற்ற லாட்ஜ்களுக்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

ஓசூரை ஏன் எடுத்துக்கொண்டோம் என்று கேட்கலாம். காரணம் கைக்கடிகாரம். 1984ல் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடாவும் கைகோத்துத் தொடங்கிய டைட்டன் நிறுவனம் தன் கடிகார ஆலையை இந்த ஊரில்தான் வைத்தது. அதற்கு முன்பே சிப்காட் தொழில்பேட்டை வந்துவிட்டது; அசோக் லேலண்டும் டிவிஎஸ் மோட்டாரும் வந்துவிட்டன. இன்று டாடா எலக்ட்ரானிக்ஸ் பக்கத்தில் செல்போன் பாகம் செய்கிறது, போச்சம்பள்ளியில் ஓலா மின்ஸ்கூட்டர் செய்கிறது. 2019ல் ஊர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. இந்த ஆலைகளில் ஒரு ஆள் ஒரு போல்ட்டை முறுக்க எத்தனை விநாடி என்பதற்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கு தவறினால் லைன் நிற்கும், சூப்பர்வைசர் ஓடி வருவார். அதே ஊரில், ஆலை பஸ் நிற்கும் அதே ரோட்டோரத்தில், அஞ்சு நிமிஷத்துக்கு அளவே இல்லாத ஒரு கட்டடம் இயங்குகிறது என்பது ஆராயத் தக்க விஷயமா இல்லையா?

முன்னோர் ஆய்வுகள்

இத்துறையின் மிகப் பழைய ஆவணம் புறநானூற்றின் 206ஆம் பாட்டு. அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தராமல் காலம் கடத்தியபோது ஔவையார் பாடியது. ஆய்வாளர் கவனிக்க வேண்டிய இடம், ஔவையார் தன் கோபத்தை யாரிடம் கொட்டினார் என்பது. அரசனிடம் இல்லை, வாயிற்காவலனிடம். அதாவது ரிசப்ஷனிடம். அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 வரை தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே விருந்தினரை வாசலில் காக்க வைப்பதும், அதற்கு வாசலில் நிற்பவன் ஏச்சு வாங்குவதும் இந்த வட்டாரத்தில் ஈராயிரம் ஆண்டு மரபு என்று துணிந்து சொல்லலாம். இத்தனைக்கும் இதே அதியமான்தான் கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தவர். ஓனர் தங்கமானவராக இருந்தாலும் ரிசப்ஷன் சரியில்லாமல் போகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அடுத்த ஆவணம் 1867ஆம் ஆண்டின் சராய் சட்டம். வழிப்போக்கர் தங்கும் சத்திரங்களை ஒழுங்குபடுத்த வெள்ளைக்காரன் போட்டது. அறை, தாழ்வாரம், சாக்கடை எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். காவலாள் போட வேண்டும். கட்டணப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும். திருடன் ஏறி வர வாட்டமான மரக்கிளை இருந்தால் வெட்ட வேண்டும் என்று அது சத்திரக்காரனுக்குக் கட்டளை போட்டது. நாம் தங்கிய லாட்ஜை இச்சட்டத்தின் வெளிச்சத்தில் சோதித்தோம். மரக்கிளை விதி முழுமையாகப் பின்பற்றப்பட்டிருந்தது: ஜன்னலைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், மரத்துக்கு மட்டுமா, காற்றுக்கே இடமில்லை. கட்டணப் பட்டியலும் மாட்டியிருந்தது. "அது பழைய ரேட் சார்" என்றார் ரிசப்ஷனில் இருந்தவர். மற்ற விதிகளைப் பற்றி மௌனம் காப்போம்.

உலக அரங்கில் அமெரிக்காவின் ஸ்டாட்லர் என்கிற ஓட்டல்காரரைச் சொல்ல வேண்டும். 1908ல் பஃபலோ நகரில் அவர் திறந்த ஓட்டலில் ஒவ்வொரு அறைக்கும் தனிக் குளியலறை, குழாயில் வெந்நீர், கதவைத் திறந்ததும் கைபடும் இடத்தில் விளக்கு சுவிட்ச். ஒன்றரை டாலருக்கு அறையும் குளியலும் என்பதுதான் அவர் விளம்பரமே. நம் லாட்ஜில் சுவிட்ச் போர்டு கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் இருந்தது. எட்டு சுவிட்ச். ஒன்றைப் போட்டால் ஃபேன், ஒன்றைப் போட்டால் பாத்ரூம் லைட், ஒன்றின் மேல் செல்லோ டேப் ஒட்டித் தொடக் கூடாது என்று எழுதியிருந்தது. மீதி ஐந்தும் எதற்கு என்பது இன்னொரு ஆய்வாளருக்கு.

களத்தில் கண்டவை

நுழைந்ததும் ஆதார் ஜெராக்ஸ். ஜெராக்ஸ் கையில் இல்லையென்றால் எதிர்க்கடையில் எடுத்து வர வேண்டும். கனமான லெட்ஜரில் பெயர், ஊர், வந்த காரியம், போகும் ஊர், கையெழுத்து. இரண்டு நாள் வாடகை அட்வான்ஸ். இதுவரை எல்லாம் மளமளவென்று நடந்தன. இங்கே 'அஞ்சு நிமிஷம்' என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பணம் விருந்தினரிடமிருந்து லாட்ஜுக்குப் போகும் திசையில் கடிகாரம் டைட்டன் போல ஓடுகிறது. எதிர்த்திசையில்தான் சிக்கல்.

பிறகு, "பில் வேணுமா சார்?" என்று ஒரு கேள்வி வந்தது. பில் என்றால் ஜிஎஸ்டி சேரும் என்பது அதன் உட்பொருள். 2022 ஜூலை 18க்கு முன்பு நாள் வாடகை 1,000 ரூபாய்க்குள் உள்ள அறைக்கு வரியே கிடையாது. அன்றிலிருந்து 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதம். வரி இப்படி ஏறி இறங்கிய காலம் முழுவதும் மாறாமல் நிலைத்து நின்றது ஒன்று உண்டென்றால், அது துண்டின் கனமாகத்தான் இருக்கும். நமக்கு வந்த துண்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம், பல்பு தெரிந்தது. ஓரத்தில் லாட்ஜ் பெயரை அழியாத மையில் அச்சடித்திருந்தார்கள், யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாதாம். டிவி ரிமோட்டின் பின்மூடி இல்லை, பேட்டரியை ரப்பர் பேண்ட் காத்தது. சோப்பு, கல்யாண மண்டபத்தில் கை கழுவ வைக்கும் சோப்பில் பாதி. சுவரில் சட்டம் போட்ட அறிவிப்பு: தங்கள் உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

இதே 'நிர்வாகம்' வேறு எந்தெந்த விஷயத்துக்குப் பொறுப்பு என்று தேடி மூன்று மாடிச் சுவர்களையும் படித்தோம். பார்க்கிங்குக்குப் பொறுப்பல்ல, நகைக்குப் பொறுப்பல்ல, மின்தடைக்குப் பொறுப்பல்ல. ஏதேனும் ஒன்றுக்குப் பொறுப்பு என்று சொல்லும் பலகை தென்படவில்லை.

மொழிப் பரிசோதனை

எல்லை ஊர் என்பதால் சேவைக் குறைவுக்கு மொழிச் சிக்கல் காரணமாக இருக்கலாம் என்பது நம் முதல் கருதுகோள். ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் வீட்டுமொழிகள். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். ஆலைகளும் லாட்ஜ்களும் வடக்கிலிருந்து கொண்டுவந்த இந்தியும் சேர்த்தால் ஐந்து. காலையில் ரூம் பையனிடம் வெந்நீர் கேட்டோம். புரியவில்லை. சுடுதண்ணி என்றோம். சிரித்தார். வேடி நீள்ளு, பிசி நீரு என்று தெலுங்கும் கன்னடமும் பேசிப் பார்த்தோம். கடைசியில் "கரம் பானி" என்றதும் முகம் மலர்ந்து, தெளிவான தமிழில் சொன்னார்: "அஞ்சு நிமிஷம் சார்."

முதல் கருதுகோள் இத்துடன் வீழ்ந்தது. கேட்பது எந்த மொழியில் புரிந்தாலும் விடை தமிழில்தான் வருகிறது, வெந்நீர்தான் எந்த மொழிக்கும் வருவதில்லை. மொழி ஒரு தடையே இல்லை. பிழைக்க வந்த ஊரில் ஒரு பையன் முதலில் கற்றுக்கொண்ட தமிழ் வாக்கியம் அதுவென்றால், அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்த சூழல் எது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சூரியக் கோட்பாடு

இரண்டாம் கருதுகோளைத் தேடி மொட்டை மாடிக்கு ஏறினோம். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் என்பதால் மார்கழியில் குழாய்த் தண்ணீர் பல்லைக் கிட்டிக்கச் செய்யும். வெந்நீர் இங்கே ஆடம்பரம் இல்லை. மாடியில் ஒரு சோலார் ஹீட்டர். கண்ணாடிக் குழாய்கள், மேலே போர்வை போர்த்திய டேங்க், 500 லிட்டர். பகலெல்லாம் வெயிலில் சூடான தண்ணீர் இரவு முழுதும் அந்த டேங்கில் தூங்குகிறது. விடிந்து யார் முதலில் குழாயைத் திறக்கிறாரோ அவருக்கு நேற்றைய சூரியன். எடுக்க எடுக்கக் கீழிருந்து பச்சைத் தண்ணீர் ஏறும். 20 லிட்டர் பக்கெட் என்றால் 25 பக்கெட். விளாவிக் குளிப்பவர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும்.

அந்த 25 பக்கெட் யாருக்குப் போகிறது? இங்கேதான் முழு ஆய்வும் திரும்புகிறது. இந்த லாட்ஜில் இரண்டு மாடிகளைக் கம்பெனிகள் மாதக் கணக்கில் எடுத்து வைத்திருக்கின்றன. ட்ரெயினிகள், மெஷின் பொருத்த வந்த டெக்னீஷியன்கள், ஆடிட் ஆட்கள். ஆலையில் பொதுவாக ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் பத்து, பத்து முதல் ஆறு என்று மூன்று ஷிப்ட். ஏ ஷிப்ட் ஆட்கள் நாலரைக்கு எழுந்து, ஐந்தே காலுக்குள் குளித்து முடித்து, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். டேங்க் அத்தோடு காலி. சி ஷிப்ட் முடித்து ஆறரைக்கு வருகிறவர்கள் மிச்சம் மீதி வெதுவெதுப்பையும் வழித்து எடுத்துவிடுகிறார்கள். ஏழு மணிக்கு எழுந்து "வெந்நீர் எப்போ வரும்?" என்று கேட்கும் ஒருநாள் விருந்தினரின் பாக்கெட்டில் பணம் இருக்கிறது, ரூம் இருக்கிறது, ரசீது இருக்கிறது. அவருக்கான சூரியன்தான் இன்னும் எழவே இல்லை.

இப்போது கணக்கு எளிது. எட்டு மணிக்கு வெயில் குழாயில் படத் தொடங்கும். டேங்க் மறுபடி சூடேற நண்பகல் தாண்டும். தமிழ்நாட்டு லாட்ஜ்களின் பெருமையான 24 மணி நேரக் கணக்கு இந்த லாட்ஜில் கிடையாது. செக்-அவுட் பகல் 12. ஆக, விருந்தினர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும் நேரத்தில் அவர் பாத்ரூம் குழாயில் வெந்நீர் தயாராகத் தொடங்குகிறது. 'அஞ்சு நிமிஷம்' என்பது சோம்பேறித்தனமான பொய் என்று நினைத்திருந்தோம். பூமி சுழலும் வேகத்தையொட்டிய ஓர் அளவு அது.

மழைநாளுக்கென்று டேங்கில் கரண்ட் காயில் உண்டு. போட்டால் நிலைமை மாறும். அதன் சுவிட்ச் மேனேஜர் ரூமில், பூட்டுக்குள். "கரண்ட் பில் தாங்காது சார், ஓனர் திட்டுவார்."

ஓனர் எங்கே?

"பெங்களூர்ல சார்." 40 கிலோமீட்டர் தூரத்தில் பெங்களூர். நாம் வைத்த குறை ஒவ்வொன்றும் ரூம் பையனிடமிருந்து ரிசப்ஷனுக்கும், அங்கிருந்து மேனேஜருக்கும் போய், ஜூஜூவாடிச் சோதனைச்சாவடி அருகே எங்கோ நின்றுவிடுகிறது. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பஸ்கள் நின்றுபோனபோது, குழந்தையும் பெட்டியுமாக மக்கள் அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் நடுவே நடந்தே எல்லை தாண்டினார்கள். மனிதர்களால் முடிந்த அந்தக் காரியம் ஒரு துண்டு பற்றிய புகாரால் இன்றுவரை முடியவில்லை.

1791ல் ஆங்கிலப் படை கிருஷ்ணகிரியைத் தாக்கியபோது பேட்டையைப் பிடித்துவிட்டது. மலைமேல் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. ரிசப்ஷன் வரை வென்று மேனேஜர் ரூம் வாசலில் தோற்றுத் திரும்பிய நமக்கு அந்தத் தளபதியின் மனநிலை நன்றாகவே விளங்குகிறது.

கிண்டலை விட்டுவிட்டுச் சொன்னால், ஓனரும் இதில் முட்டாள் இல்லை. அவருடைய உண்மையான வாடிக்கையாளர் கம்பெனியின் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட். மாதம் பிறந்தால் செக் வருகிறது. ரூமில் தூங்குகிற ட்ரெயினி துண்டு கிழிந்திருக்கிறது என்று சொன்னால் அது யார் காதிலும் விழ வேண்டியதில்லை, ஏனென்றால் அவன் பணம் கட்டவில்லை. பணம் கட்டுகிறவர் அந்தத் துண்டால் துடைத்துக்கொள்ளப் போவதில்லை. ஒருநாள் விருந்தினர் மட்டுமே பணமும் கட்டி, துடைத்தும் கொள்கிறவர். அவரோ நாளைக்கு இருக்கமாட்டார். அவர் போனாலும் ரூம் காலியாகாது: தொழில்பேட்டை ஊரில் இயந்திரம் பழுதாகும், அதைச் சரிசெய்ய யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். நிரம்பும் லாட்ஜ் திருந்தாது.

ரூம் பையன் மேல் பழி போடுவதை நாம் ஏற்கவில்லை. மூன்று மாடிக்கு அவர் ஒருவர். பகலுக்கும் அவர்தான், இரவுக்கும் அவர்தான். படிக்கட்டுக்கு அடியில் பாய் விரித்துப் படுக்கிறார். நாலரை மணிக்கு ஏ ஷிப்ட்டுக்கு டீ வாங்கி வருவது அவர், பன்னிரண்டு மணிக்கு நம் படுக்கை விரிப்பை உருவுவதும் அவர். அவரிடம் வெந்நீரும் இல்லை, காயில் சாவியும் இல்லை; இருப்பது ஒரே ஒரு வாக்கியம். அதைத் தட்டாமல் எல்லோருக்கும் கொடுக்கிறார். அவரைத் திட்டி ரிவ்யூ எழுதுகிறவர்கள் விலாசம் தெரியாமல் தபால் போடுகிறார்கள்.

சரியான விலாசம் வேண்டுமென்றால் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாவிட்டால் பணம் கட்டியதை நிரூபிப்பது கடினம் என்பதுதான் இதில் உள்ள கண்ணி. "பில் வேணுமா சார்?" என்ற கேள்விக்கு, மிச்சமாகும் ஐந்து சதவீதத்தை நினைத்து "வேண்டாம்" என்று தலையாட்டியவர் அந்தக் கணத்திலேயே தன் வழக்கையும் தள்ளுபடி செய்துகொள்கிறார்.

ஓசூரில் ரூம் போடப்போகும் அன்பருக்கு ஆய்வின் பரிந்துரைகள் இவை. ஏசி உண்டா, டிவி உண்டா என்று ரிசப்ஷனில் கேட்காதீர்கள். எந்தக் கம்பெனி ஆட்கள் தங்கியிருக்கிறார்கள், எத்தனை பேர், எந்த ஷிப்ட் என்று கேளுங்கள். ஏ ஷிப்ட் என்றால் நாலு மணிக்கு அலாரம் வையுங்கள். சி ஷிப்ட் மட்டும்தான் என்றால் ஆறு மணி வரை தூங்கலாம். ஆறரைக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும், அதற்குள் குளித்துவிடுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். துண்டை மட்டும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.